கேஸ் ஷீட்டில் ஆங்கிலம்: கேட்டவர்களுக்கு ஒரு மெடிசின் டாக்டரின் பதில்கள்

ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள், எழுதும் கேஸ் ஷீட்டை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை) திருத்துவது பல வருஷமாக என் அன்றாட வேலை. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தமிழ் மீடியத்தில் படித்தவன் மேடம். ரவுண்ட்ஸில் நான் எழுதியதை உரக்கப் படித்துச் சிரிக்கிறார்கள். எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது? (ஹவுஸ் சர்ஜன், மதுரை)

சிரித்தது அவர்கள் தப்பு தம்பி. நீங்கள் ‘இல்லை’ என்று சொல்லும் வாக்கியங்களிலிருந்து ஆரம்பியுங்கள். ‘காய்ச்சலும் இருமலும் இல்லை’ என்று பேசியே வளர்ந்த நமக்கு ‘நோ ஃபீவர் அண்ட் காஃப்’ என்றுதான் கை ஓடும். அதைப் படிக்கிற நைட் டியூட்டி டாக்டர், காய்ச்சல் இல்லை, ஆனால் இருமல் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ‘நோ ஃபீவர் ஆர் காஃப்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ‘ஏஃபெப்ரைல்’ என்றால் காய்ச்சல் இல்லாதவர். முதல் எழுத்துக்குப் பிறகு இடம் விட்டு எழுதினால் காய்ச்சல் உள்ளவர் ஆகிவிடுவார். இடம் விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள்.

‘பிஃபோர் த்ரீ டேஸ்’ என்பதும் ‘மூணு நாளைக்கு முன்னாடி’யிலிருந்து வருவதுதான். ‘த்ரீ டேஸ் அகோ’ என்பதே சரி. ‘பேஷன்ட் வாஸ் எக்ஸ்பயர்ட்’ என்பதில் ‘வாஸ்’ வேண்டாம். ‘டைட்’ (இறந்தார்) என்று நேராகவே எழுதலாம். ‘எ’, ‘தி’ விட்டுப்போனதற்காக யாருக்கும் மருந்து மாறாது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோயாளி ‘மயக்கமா வருது’ என்கிறார். ஆங்கிலத்தில் என்ன எழுத? (பிஜி மாணவி)

இந்த ஒரு சொல்லால் எவ்வளவு அலைச்சல் தெரியுமா! என்னிடம் வந்த ஒரு அம்மாவின் பழைய சீட்டில் ‘சின்கோப்பி’ என்று எழுதியிருந்தது. நினைவு தப்பி விழுபவர் என்று நினைத்து இதயத்துக்கான பரிசோதனை எல்லாம் எடுத்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்து “எப்பம்மா வருது?” என்றேன். “படுக்கையில புரண்டா வீடே சுத்துது டாக்டர்” என்றார். அந்த அம்மா ஒருமுறைகூட நினைவு தப்பியதில்லை. அவருக்கு இருந்தது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பால் வரும் ‘வெர்டிகோ’ என்ற தலைசுற்றல்.

மயக்கம் என்றால் நம் ஊரில் தலைசுற்றல், கண் இருட்டல், அசதி, நினைவிழப்பு எல்லாமே அடங்கும். ‘கிடினெஸ்’ என்று எழுதினாலும் அதே மூட்டம்தான். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். கேட்டுத் தெளிந்த பிறகு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள். கேஸ் ஷீட்டில் தமிழா என்று யாராவது கேட்டால், நோயாளி தமிழில்தானே சொன்னார் என்று சொல்லுங்கள்.

கண் மருத்துவமனையில் ‘ஓ.டி.’ என்றால் வலது கண். பொது மருத்துவச் சீட்டில் தினம் ஒருவேளை. எது சரி? (ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பார்வை பரிசோதிப்பவர்)

இரண்டுமே லத்தீனிலிருந்து வந்த சுருக்கம், அவரவர் துறையில் சரிதான். ஒரே நோயாளி இரண்டு சீட்டையும் கையில் வைத்திருப்பதால் ‘ஒன்ஸ் டெய்லி’, ‘ரைட் ஐ’ என்று முழுசாக எழுதிவிடுங்கள்.

டோஸ் எழுதுவதில் டாக்டர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம். (ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி)

நிச்சயமாக. ஒரு வார்டில் இன்சுலின் ‘4 யூ’ என்று ஒற்றை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த யூவின் வாய் மூடிப் பூஜ்யம் மாதிரி இருந்ததால் 40 என்றே படிக்க முடிந்தது. ஸ்டாஃப் சிஸ்டர் சந்தேகப்பட்டு போன் செய்ததால் அந்த நோயாளி தப்பித்தார். ‘யூனிட்’ என்று முழுசாக எழுத எத்தனை நொடி ஆகும்? 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும். அரை மில்லிகிராமுக்கு முன்னால் பூஜ்யம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் இவற்றையெல்லாம் 2004-லேயே எழுதக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் நாட்டிலும் மருந்தின் ஜெனரிக் பெயரை (கம்பெனிப் பெயர் அல்லாத பொதுப்பெயரை) தெளிவாக, முடிந்தவரை கேப்பிடல் எழுத்தில் எழுதச் சொல்லி அப்போதைய இந்திய மெடிக்கல் கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது.

‘ஹீமோகுளோபின்’ ஸ்பெல்லிங் பிரிட்டிஷா, அமெரிக்கனா?

எதுவும் சரி. ‘டிஸ்ஃபேஜியா’வையும் ‘டிஸ்ஃபேஸியா’வையும் மட்டும் மாற்றி எழுதாதீர்கள். முதலாவது விழுங்குவதில் சிரமம், அடுத்தது பேச்சு, மொழித் தடுமாற்றம். பக்கவாத நோயாளிக்கு வாய்வழியாகச் சாப்பாடு கொடுக்கலாமா என்பதே இதை நம்பித்தான் இருக்கிறது.

என் மனைவிக்கு மூன்றாம் மாசத்தில் கரு தங்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அபார்ஷன்’ என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் கலைக்கவில்லை டாக்டர். வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

உங்கள் இருவரின் வருத்தமும் புரிகிறது. குழந்தை வெளியே பிழைக்கும் பருவத்துக்கு முன் கர்ப்பம் முடிந்துபோனால், தானாக நடந்தாலும் மருத்துவப் புத்தகங்களில் அதற்குப் பெயர் ‘அபார்ஷன்’தான். பக்கத்தில் ‘ஸ்பான்டேனியஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தானாக நேர்ந்த கருச்சிதைவு என்று அர்த்தம். அதைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். இல்லையென்றால் சிகிச்சை தந்த டாக்டரிடம் தெளிவுபடுத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். முழு கேஸ் ஷீட்டின் நகலும் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மெடிக்கல் கவுன்சிலின் 2002 விதி. டாக்டர்களே, ‘மிஸ்கேரேஜ்’ என்ற சொல் கைவசம் இருக்கிறது. தயவுசெய்து அதை எழுதுங்கள்.

தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் போடலாமா?

கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடாக அடித்து, சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்துப் போடுங்கள்.