கருவாட்டுக் கடைக்கு 38,000 பேர் வந்தார்களா?

தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்தி, அது படுத்த பிறகு அதே மாடியில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். தளத்தைத் திறந்து வைத்த மறுநாளே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை பேர் பார்த்தாங்க?” இந்த முறை வந்த கடிதங்களிலும் அதுதான் அதிகம். அதனால் இந்த வாரம் வேறு கேள்விகளுக்கு இடம் இல்லை, கோபிக்காதீர்கள்.

அக்கா, காசிமேட்டில் மாமியார் காலத்திலிருந்து எங்களுக்குக் கருவாடு வியாபாரம். மகள் வெப்சைட் செய்து தந்தாள். ஹோஸ்டிங் பக்கத்தில் போன மாதம் 38,000 ஹிட்ஸ் என்று காட்டுகிறது. வாட்ஸ்ஆப்பில் வந்த ஆர்டரோ ஒன்பதுதான். மீதிப் பேர் எங்கே போனார்கள்?
— வாசகி, காசிமேடு

எங்கேயும் போகவில்லை அம்மா, அவ்வளவு பேர் வரவே இல்லை. ஹிட் என்பது ஆள் கணக்கு கிடையாது. உங்கள் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நெத்திலி, வாளை, சுறா, மாசி என்று 24 படங்கள் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவருடைய போன் ஒவ்வொரு படத்தையும் சர்வரிடம் (தளம் இருக்கும் கம்ப்யூட்டர்) தனித்தனியாகக் கேட்டு வாங்கும். கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு ஹிட். எழுத்து, நிறம், பட்டன் இவற்றுக்கான ஃபைல்களையும் சேர்த்தால் ஒரே ஆள் ஒரே தடவை வந்ததற்கு முப்பது ஹிட் எழுதிவிடும். படத்தைப் பாதியாகக் குறைத்தால் அடுத்த மாதம் ஹிட்ஸும் படுத்துவிடும், வியாபாரம் ஒன்றும் குறையாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கணக்குக் கருவி. சிபேனல் (தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் கூடவே வரும். அதே வரிசையில் ஹிட்ஸுக்கு இடது பக்கம் பாருங்கள்: யூனிக் விசிட்டர்ஸ் (தனித்தனி ஆட்கள்) 640, விசிட்ஸ் (வந்த தடவைகள்) 910. உங்கள் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த 640-ம் முழுக்க மனிதர்கள் இல்லை. இது சர்வர் எழுதி வைக்கும் வருகைப் பதிவை (லாக்) படித்துச் சொல்லும் கணக்கு. கூகுளின் தேடல் ரோபோ மாதிரி பெயர் சொல்லிக்கொண்டு வருவதைத் தனியாக ஒதுக்கிவிடும். ஆள் மாதிரி வேஷம் போட்டு வரும் ரோபோவை ஆளாகவே எண்ணிவிடும்.

இதோடு கூகுளின் வருகைக் கணக்குக் கருவியான அனலிட்டிக்ஸையும் போடச் சொல்லுங்கள். இலவசம்தான். பக்கத்துக்குள் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைக்க வேண்டும், அது பார்ப்பவரின் பிரவுசரிலேயே ஓடி வேலை செய்யும். பல ரோபோக்கள் ஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை. தெரிந்த ரோபோக்களை அனலிட்டிக்ஸே கழித்துவிடும். ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் நிஜ மனிதர்கள் சிலரும் இதில் விட்டுப்போவார்கள். ஆக, அது கூட்டிச் சொல்லும், இது குறைத்துச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றையே பிடித்துக்கொண்டு, அது போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பாருங்கள்.

அதிலும் போன மாதத்தோடு ஒப்பிடுவது உங்கள் தொழிலுக்குச் சரிவராது. புரட்டாசியில் பாதி வீடுகளில் கருவாட்டு வாசனையே ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அப்போது கருவாட்டைத் தேடுகிறவர் வேறு. புரட்டாசியைப் போன புரட்டாசியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்காகவே முதல் நாளே ஒரு வேலை செய்துவிடுங்கள். அனலிட்டிக்ஸில் அட்மின் பகுதிக்குப் போய் டேட்டா ரிடென்ஷன் (விவரத்தை எத்தனை மாதம் வைத்திருப்பது) என்பதை 2 மாதத்திலிருந்து 14 மாதமாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் சாதாரண ரிப்போர்ட் இருக்கும், ஆனால் எக்ஸ்ப்ளோர் பகுதியில் நோண்டிப் பார்க்கும்போது இரண்டு மாதத்துக்கு முந்தையது கிடைக்காது.

அடுத்தது, ஆள் எங்கிருந்து வந்தார் என்பது. உங்கள் வியாபாரம் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஓடுகிறது. வாட்ஸ்ஆப்பில் லிங்கைத் தட்டி வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற அடையாளம் பெரும்பாலும் கூட வராது. அனலிட்டிக்ஸ் அவரை ‘டைரக்ட்’ என்ற மூட்டையில் போட்டுவிடும், முகவரியைத் தானே டைப் செய்து வந்தவர் மாதிரி. இதற்கு மருந்து, லிங்கின் வாலில் யூடிஎம், அதாவது எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் அடையாளம், சேர்ப்பது. கூகுளின் கேம்பெயின் யூஆர்எல் பில்டரில் இரண்டு மூன்று கட்டங்களை நிரப்பினால் லிங்க் தயார். சர்ச் குரூப்புக்கு ஒரு லிங்க், மகளின் ஆபீஸ் குரூப்புக்கு ஒன்று, ஊர்க்காரர்கள் குரூப்புக்கு ஒன்று. எந்த குரூப் வேடிக்கை பார்க்கிறது, எது வாங்குகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். (யூ என்பது அர்ச்சின் என்ற பழைய கம்பெனியின் முதல் எழுத்து. 2005-ல் கூகுள் அதை வாங்கித்தான் அனலிட்டிக்ஸாக வெளியிட்டது. கம்பெனி பெயர் போய்விட்டது, வால் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

அப்புறம், வாட்ஸ்ஆப் பட்டன். வெளியே போகும் லிங்கைத் தட்டினால் அனலிட்டிக்ஸ் தானாகவே குறித்துக்கொள்ளும். உங்கள் தளத்தில் வெளியே போகும் வழி அது ஒன்றுதான், அதனால் அந்தக் கிளிக்கையே ‘கீ ஈவென்ட்’ (முக்கிய நிகழ்வு) என்று குறித்துவிடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் வரை வந்தவர் எண்ணிக்கை அது. அறுபது பேர் பட்டனைத் தட்டி ஒன்பது பேர் வாங்கினால் குறை வெப்சைட்டில் இல்லை. விலையிலோ, ‘எவ்வளவுங்க?’ என்று கேட்டவருக்கு மறுநாள் பதில் போட்டதிலோ இருக்கும். பத்துப் பேர் தட்டி ஒன்பது பேர் வாங்கியிருந்தால் நீங்கள் கெட்டிக்காரி, பட்டன்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. (இருக்கிறது. 24 படங்களுக்கும் கீழே. மேலே தூக்கி வையுங்கள்.)

கடைசியாக கூகுள் சர்ச் கன்சோல். என்ன வார்த்தையைத் தேடியபோது உங்கள் தளம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள் என்று சொல்லும். 16 மாதக் கணக்கு வைத்திருக்கும், போன புரட்டாசியும் அதற்குள் வந்துவிடும். என்னைக் கேட்டால் சின்னக் கடைக்கு அனலிட்டிக்ஸைவிட இதுதான் உபயோகம். ஜனங்கள் தேடுவது அவர்கள் பேச்சில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் ‘உலர் மீன்’ என்று நாகரிகமாக எழுதியிருக்கிறீர்கள். கருவாடு என்று எழுதுங்கள் அம்மா.

அக்கா, வியாசர்பாடியில் கேரம் கோச்சிங் தருகிறேன். தளத்தை நானும் என் பசங்களும்தான் அதிகம் திறக்கிறோம். எங்களைக் கழித்துவிட்டு எண்ண முடியுமா?
— வாசகர், வியாசர்பாடி

முடியும் தம்பி. முதலில் என் மானம் போன கதை. சென்டர் ஓடிய காலத்தில் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துக்கு ஒரு தளம் செய்து, அடியில் எண் ஓடும் கவுன்ட்டர் ஒன்றும் வைத்தேன். கையோடு சென்டரில் இருந்த 12 சிஸ்டத்திலும் அதையே ஹோம் பேஜாக வைத்துவிட்டேன், எல்லாம் விளம்பர ஆசைதான். மெயில் பார்க்க வந்த பையன், ரிசல்ட் பார்க்க வந்த பெண், எல்லாரும் பிரவுசரைத் திறந்த ஒவ்வொரு தடவையும் மண்டபத்துக்கு ஒரு விருந்தாளி. மண்டபக்காரர் எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போய் வாடகையை ஏற்றலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. சொன்ன பிறகு அந்த வருஷத்துக் காலண்டர் எனக்கு வரவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அனலிட்டிக்ஸில் ‘இன்டர்னல் டிராஃபிக்’ என்று உங்கள் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்) சொல்லி, அதற்கான ஃபில்டரை ஆக்டிவ் செய்தால் கழித்துவிடும். ஆனால் வீட்டு இணைப்பிலும் மொபைல் டேட்டாவிலும் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் பார்ப்பதாக இருந்தால் கூகுளே தரும் அனலிட்டிக்ஸ் ஆப்ட்-அவுட் ஆட்-ஆனைப் போட்டுக்கொள். போனில் பார்க்கும் பசங்களை ஒன்றும் செய்ய முடியாது, போர்டில் காயை வைத்து உட்கார வை.

எண்ணூரில் என் கடை. வாடிக்கையாளர் எல்லாம் சுற்றுவட்டாரம்தான். ரிப்போர்ட் வேறு வேறு ஊர்களைக் காட்டுகிறதே?
— வாசகர், எண்ணூர்

ஊரை ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறார்கள். மொபைல் நெட்வொர்க்கில் வருகிறவரின் இணைப்பு எங்கோ ஒரு நகரம் வழியாக வெளியே வரும், அந்த நகரத்தின் பெயர் விழும். நாடு எது என்பதை நம்பலாம். ஊர்ப் பெயரை நம்பிப் போஸ்டர் அடிக்காதீர்கள்.

ராயபுரத்தில் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் தளத்தில் 2014-லிருந்து அனலிட்டிக்ஸ் இருக்கிறது. இப்போது உள்ளே போனால் ஒன்றுமே இல்லை.
— வாசகர், ராயபுரம்

தளத்தில் போட்டிருக்கும் அனலிட்டிக்ஸ் ஐடி ‘யூஏ’ என்று ஆரம்பிக்கிறதா? அது பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ். 2023 ஜூலை 1-ல் கணக்கு எடுப்பதை நிறுத்தினார்கள், 2024 ஜூலையில் பழைய கணக்கையும் எடுத்துவிட்டார்கள். யாராவது அப்போதே எக்ஸெலில் இறக்கி வைத்திருந்தால் உண்டு. புதிதாக ஜிஏ4 (இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸ்) போடுங்கள், ஐடி ‘ஜி’ என்று ஆரம்பிக்கும்.

பெரம்பூரில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். பார்ப்பவர் எங்கே விரல் வைக்கிறார் என்று வீடியோ மாதிரி காட்டும் கருவி இருக்கிறதாமே, போடலாமா?
— டாக்டர் ஒருவர், பெரம்பூர்

நீங்கள் சொல்வது மைக்ரோசாஃப்டின் கிளாரிட்டியாக இருக்கலாம். இலவசம், நன்றாகவே வேலை செய்யும். ஃபாரத்தில் டைப் செய்வதை அதுவே மறைத்துவிடும். மளிகைக் கடையாக இருந்தால் போடுங்கள் என்று உடனே சொல்லியிருப்பேன். கிளினிக் என்றால் எனக்கு மனசு வரவில்லை டாக்டர். ஒருவர் எந்த நோயின் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருடைய சொந்த விஷயம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பார்ப்பவரின் பிரவுசரில் அடையாளம் பதிக்கும் குக்கீயே இல்லாமல் மொத்த எண்ணிக்கை மட்டும் சொல்லும் பிளாஸிபிள், அல்லது உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் மாட்டோமோ (பழைய பெயர் பிவிக்), இரண்டில் ஒன்று போதும். எதைப் போட்டாலும் உங்கள் அப்பாயின்ட்மென்ட் பக்கத்தை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். ஃபாரத்தை அனுப்பியதும் நோயாளியின் பெயரும் போன் நம்பரும் மேலே முகவரிப் பட்டையில் வந்து நிற்கிறது. பக்க முகவரி அப்படியே அனலிட்டிக்ஸுக்குப் போகும். அப்படி அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதியும்கூட.

500 ரூபாய்க்கு ஆயிரம் விசிட்டர் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா அக்கா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

கூட்டத்துக்கு ஆள் கூட்டி வருவது நம் ஏரியாவுக்குப் புதிதா என்ன? அங்கேயாவது வந்தவர் பிரியாணி சாப்பிட்டுப் போவார். இதில் சாப்பிடக்கூட ஆள் இருக்காது.