மத்தியான வெயிலில் விட்டுப்போகும் லேசர்

கேள்வி: ஐயா, எங்கள் செம்பனை ஆலைக்கும் தோட்ட ஆபீசுக்கும் 800 மீட்டர் தூரம். கம்ப்யூட்டர் தகவலை அனுப்ப, கேபிளுக்குப் பதிலாக லேசர் இணைப்பு வைத்திருக்கிறோம். காலையில் பிரச்சினையே இல்லை. மத்தியானம் வானம் பளிச்சென்று இருக்கும்போதுதான் விட்டு விட்டுப் போகிறது. லேசரின் சக்தியைக் கூட்டினால் சரியாகுமா?
– ஆலை ஊழியர், சுங்கை சிப்புட்

பதில்: அதில் காசைப் போடாதீர்கள், தம்பி. சக்தியை இரு மடங்காக்கினாலும் 3 டெசிபெல்தான் (வலிமையை ஒப்பிடும் அலகு) கூடுதலாகக் கிடைக்கும். வெயில் சூட்டில் லேசர் வெளிச்சம் கூடிக் குறைந்து துடிக்கும்போது, அதைவிட அதிகமாகவே குறைந்துபோகும்.

வானம் பளிச்சென்று இருப்பதுதான் காரணமே. தகரக் கூரையும் செம்மண் சாலையும் சூடேறி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலப்பதால் கதிர் கண்டபடி வளைகிறது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் வெயில் கோடுகள் ஆடுமே, அதுபோல ரிசீவர் முகத்தில் வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மாறி மாறி ஓடும். விநாடிக்கு 1 ஜிகாபிட் (நூறு கோடி பிட்) வேகத்தில் 5 மில்லி விநாடி இருட்டு என்றால் 5 மில்லியன் பிட் போச்சு.

உங்கள் தூரத்தில், 1550 நானோமீட்டர் அலைநீள லேசருக்கு, ஒரு திட்டு சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ரிசீவர் லென்ஸும் அதே அளவு என்றால் ஒரே இருட்டுத் திட்டு அதை முழுசாக மூடிவிடும். 10 சென்டிமீட்டர் லென்ஸில் பல திட்டுகள் ஒரே நேரத்தில் விழுவதால் துடிப்பு தணியும். லென்ஸை மாற்ற முடியாதா? இரண்டு மூன்று கதிர்களைத் தள்ளித் தள்ளி அனுப்புகிற கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். 2013இல் நாசா நிலவைச் சுற்றிய விண்கலத்துக்கு லேசரில் தகவல் அனுப்பியபோது, தரையில் 4 தொலைநோக்கிகள் வழியாகத்தான் அனுப்பினார்கள். ஒரு கதிர் மங்கினால் இன்னொன்று கைகொடுக்கும். உருவம் மாறும் கண்ணாடியை வைத்துக் கதிரைச் சீராக்கும் முறையும் உண்டு. 800 மீட்டருக்கு அது வீண் செலவு.

லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கதிர் எதன் மேலே போகிறது என்று நடந்து பாருங்கள். தகரக் கூரையை உரசிக்கொண்டோ, பாய்லர் புகைபோக்கிக்குப் பக்கத்திலோ போனால், எந்த லென்ஸ் வாங்கியும் பாதிப் பலன்தான். இரு முனைகளையும் உயர்த்துங்கள். பகலில் தரையை விட்டு மேலே போகப் போகக் கொந்தளிப்பு வேகமாகக் குறையும்.

அப்புறம், பிட்களின் வரிசையைக் கலைத்து அனுப்பிப் பிழை திருத்தும் வசதி கருவியில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். சாயங்கால மழை வேறு கதை. அது வெளிச்சத்தையே தின்றுவிடும். அதற்கு ஒரு ரேடியோ இணைப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.