நட்சத்திரத்துக்கு விழுந்த ஓட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

1967 சட்டமன்றத் தேர்தலைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் அண்ணாவோடு ஒரே அணியில் நின்றதைச் சாதனையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வெறும் ஓட்டுக் கணக்காகவே படுகிறது. கொள்கையில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள், காங்கிரஸை வீழ்த்த வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகக் கைகோத்தது சந்தர்ப்பவாதம் அல்லவா?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்டுக் கணக்கு என்பதை நான் மறுக்கவில்லை. 1962இல் காங்கிரஸ் 46 விழுக்காடு வாக்கு வாங்கி, 206 இடங்களில் 139ஐப் பிடித்தது. மீதி வாக்குகள் சிதறிக் கிடந்தன. 1967இலும் காங்கிரஸுக்கு 41 விழுக்காடு விழுந்தது, தி.மு.க.வுக்கு அதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் நின்று, மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. காங்கிரஸின் கைக்கு ஐம்பது இடங்களை ஒட்டித்தான் வந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார்.

கணக்கு மட்டும்தானா என்பதுதான் கேள்வி. என் தாத்தா தையல்காரர். 1953இல் முதல்வராக இருந்த ராஜாஜி, அரைநாள் பள்ளி, மீதி நேரம் குலத்தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது அப்பாவுக்கு ஏழு வயது. 'என் பிள்ளையும் ஊசிதான் பிடிக்க வேண்டுமா?' என்று தாத்தா கேட்டுவிட்டு, அன்றிலிருந்து ராஜாஜியின் பெயர் காதில் விழுந்தாலே தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாராம். தாத்தாவுக்கு ராஜாஜி குலக்கல்வி ஆச்சாரியார், அண்ணாவின் வாயில் குல்லுகபட்டர் (மனுநீதிக்கு உரை எழுதியவரின் பெயர்). அந்தத் தாத்தா 1967இல் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் தொகுதியை உடன்பாட்டில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு விட்டிருந்தார்கள். முதல் ஓட்டுப் போடப்போகும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய், அந்தக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில் முத்திரை குத்திவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி காட்டிய காலிப் படியைப் பார்த்து, 'இதுக்காகத்தான்' என்றாராம். அரிசிக்காகப் பாட்டி ரேஷன் கடை வாசலில் மணிக்கணக்கில் நின்று வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் அவை. சந்தர்ப்பவாதி என்று அவரை என்னால் சொல்ல முடியாது.

ராஜாஜியும் சும்மா வந்துவிடவில்லை. 1937இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தவர், 1965இல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார். எதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற நிலையைப் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று சொல்லி மத்திய ஆட்சியைச் சாடிக்கொண்டிருந்தார். தி.மு.க. 1963இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டதால் அவர் நெருங்கி வருவதற்கும் வழி பிறந்தது. திராவிட இயக்கத்தை மேடைதோறும் எதிர்த்த தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி., உதயசூரியன் சின்னத்திலேயே தியாகராய நகரில் நின்று வென்றார். மொழி, விலைவாசி, இருபது ஆண்டுக்கால ஒரே கட்சி ஆட்சி ஆகிய மூன்றிலும் இவர்களுக்கு உண்மையான உடன்பாடு இருந்தது. மற்றவற்றில் உடன்பாடு இருப்பதாக யாரும் பாசாங்கு செய்யவில்லை. அமைச்சரவையும் தி.மு.க.வுடையதாகவே அமைந்தது.

என் மனம் ஆறாத இடம் வேறு. பேசாமல் விட்ட விஷயங்களில் நிலமும் கூலியும் இருந்தன. நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிடும் கூட்டுப்பண்ணைத் திட்டத்தை எதிர்த்து 1959இல் எழுந்தது சுதந்திராக் கட்சி. சொத்துரிமை அதன் உயிர்நாடி. மார்க்சிஸ்டுகளோ கீழ்த்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களின் கூலிக்காகச் செங்கொடி பிடித்தவர்கள். இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தபோது, வயலில் சண்டை வந்தால் ஆட்சி யார் பக்கம் நிற்கும் என்று ஒருவரும் கேட்டு உறுதி வாங்கிக்கொள்ளவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அதே கீழ்த்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. மிராசுதார்கள் சொன்னபடி செங்கொடியை இறக்க மறுத்தார்கள். சுதந்திராக் கட்சிதான் இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்ட நிலவுடைமையாளர்கள் பக்கம்தான் குற்றம் இருந்தது. ஆனால் அந்தத் தொழிலாளர்களின் கட்சி, ஆட்சியைக் கொண்டுவந்த அணியில் இருந்த கட்சி. அவர்களுக்கு அந்த ஆட்சியிடமிருந்து முன்கூட்டியே ஒரு காவல் கிடைத்திருக்க வேண்டும். நியாயக் கூலிச் சட்டம் 1969இல்தான் வந்தது.

ஆகவே எதிரெதிர் கொள்கையினர் சேர்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். சேரும்போது எதைப் பேசாமல் விட்டார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பேன். 1967 அணியின் தலைவர்களுக்கு அந்தப் பேசாமை சேதம் எதையும் தரவில்லை. 1971க்குள் ராஜாஜி காமராஜர் பக்கம் போய்விட்டார், தி.மு.க. இந்திரா காந்தியோடு சேர்ந்துகொண்டது.

தாத்தா கடைசிவரை அந்த ஓட்டுக்காக வருந்தவில்லை. அண்ணா தேர்தலில் வாக்களித்த ரூபாய்க்குப் படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் நடந்தது, எங்கள் ஊருக்கு வரவில்லை. அதற்கும் அவர் அண்ணாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெண்மணிச் செய்தி வந்த அன்று மட்டும் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, நாள் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அன்புடன்.