தூக்கு தகுமா? கிரிமினல் வக்கீலிடம் கேட்டவை

சென்னை உயர் நீதிமன்றத்தில் கொலை வழக்கு மேல்முறையீடுகள் நடத்தும் வக்கீல் பதில் சொல்கிறார்.

பெரம்பூர்: சார், நேராவே கேக்கறேன். சின்னக் குழந்தையைக் கொன்னவனைத் தூக்குல போடறதுல என்ன அநியாயம்?

அப்படிப்பட்டவன் சாகத் தகாதவன் என்று நான் வாதாட மாட்டேன். 'இவன்தான் அவன்' என்று முடிவு கட்டிய விதத்தைப் பற்றித்தான் என் சண்டை. 2017-ல் முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கையே எடுங்கள். செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்கு விதித்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுதலை செய்துவிட்டது. சிசிடிவி காட்சி உட்பட முக்கியமான சாட்சியம் எதுவும் சட்டப்படி நிரூபணமாகவில்லை என்றது. தற்காப்புக்குப் போதிய அவகாசம் தரவில்லை என்றும் கண்டித்தது.

அவன் செய்யவில்லை என்றால் உண்மையான கொலைகாரன் வெளியே இருக்கிறான். செய்தான் என்றால் போலீஸ் விசாரணை சொதப்பிவிட்டது. இரண்டில் எதுவானாலும் அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை. தூக்கு மேடை இருப்பதால் விசாரணை ஒழுங்காகிவிடாது. 'சீக்கிரம் தூக்குல போடு' என்ற கூச்சல் விசாரணையை இன்னும் அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

தரமணி, சட்ட மாணவி: 'அரிதினும் அரிது' வழக்கில்தான் தூக்கு என்கிறார்களே, அதை நடைமுறையில் எப்படி முடிவு செய்கிறார்கள், அண்ணா?

உச்ச நீதிமன்றத்தின் 1980 பச்சன் சிங் தீர்ப்புதான் அடிப்படை. நான்கு நீதிபதிகள் தூக்கு செல்லும் என்றார்கள், நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். ஆயுள்தான் விதி, தூக்கு விலக்கு. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவன் திருந்தவே மாட்டான் என்று காட்டுவது அரசுத் தரப்பின் வேலை.

ஏட்டில் அப்படி. செஷன்ஸ் கோர்ட்டில் நடப்பது இது: காலையில் 'குற்றவாளி' என்று தீர்ப்பு, மத்தியானம் தண்டனை. நடுவில் வக்கீல் எழுந்து, "சின்ன வயசு, வயதான தாயார் இருக்கிறார், குறைந்தபட்சத் தண்டனை தாருங்கள்" என்பார். ஓர் உயிருக்கான வாதம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் பிரிவு 258(2) கேட்கும் தண்டனை விசாரணை இதுவல்ல.

உச்ச நீதிமன்றத்தின் 2022 மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு கோப்பில் இருக்க வேண்டியவை: மனநல மருத்துவரின் அறிக்கை, சிறையில் நடத்தையும் செய்த வேலையும், படிப்பு, குடும்பப் பின்னணி, பொருளாதார நிலை. மனநல அறிக்கையை அரசுத் தரப்பே தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் நீதிமன்ற விசாரணைக் கட்டத்திலேயே. வராவிட்டால் மனுப் போட்டுக் கேளுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, தலையில் அடிபட்டிருந்தால் அதன் ஸ்கேன், எல்லாவற்றையும் சாட்சி விசாரணை நடக்கும்போதே சேர்க்கத் தொடங்குங்கள். தீர்ப்பு நாளன்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

தாம்பரம்: தீர்ப்பு வந்ததும் உடனே தூக்குல போட வேண்டியதுதானே?

முடியாது. செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் தூக்கு, உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை நிறைவேறாது. யாரும் அப்பீல் போடாவிட்டாலும் வழக்குக் கட்டு தானாக உயர் நீதிமன்றத்துக்கு வரும். இங்கே அதற்கு 'ஆர்.டி.' (ரெஃபர்டு ட்ரையல்) எண் போடுவார்கள். இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோடுவார்கள். கைதி தன் பங்குக்கு 30 நாளில் அப்பீல் போட வேண்டும். அதன்பின் உச்ச நீதிமன்றம், சீராய்வு, ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு.

இந்தப் படிகள் ஏன் வேண்டும் என்றால், ராஜீவ் கொலை வழக்கைப் பாருங்கள். 1998-ல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை நான்கு பேருக்கு மட்டும் உறுதி செய்தது. 19 பேர் வெளியே வந்தார்கள். கீழ்க் கோர்ட்டோடு முடித்திருந்தால்?

வியாசர்பாடி: ஆயுள்னா 14 வருஷத்துல வெளியே வந்துடுவானே?

14 என்பது குறைந்தபட்சம். கொலைக்கு ஆயுள் பெற்றவரை அதற்கு முன் தண்டனைக் குறைப்பில் விட முடியாது. அதன் பிறகும் அரசு விரும்பினால்தான், உரிமையாகக் கேட்க முடியாது. இன்னொன்றும் உண்டு: '25 வருஷம் எந்தக் குறைப்பும் கிடையாது' என்ற நிபந்தனையோடு ஆயுள் விதிக்க உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருக்கிறது. 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 3-2 என்று உறுதி செய்தார்கள். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. சமூகத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இது போதும் என்பது என் வாதம்.

அம்பத்தூர்: பயம் இருந்தாத்தானே குற்றம் குறையும்?

பிடிபடுவோம் என்ற பயம் வேலை செய்யும். ஆயுளுக்குப் பயப்படாதவன் தூக்குக்கு மட்டும் பயப்படுவான் என்று காட்டும் நம்பகமான ஆய்வு இல்லை. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர், 1995-ல், சேலம் சிறையில்.

மயிலாப்பூர்: கொடியவரை வேந்து ஒறுப்பது களை எடுப்பதுபோல என்று வள்ளுவரே 550-ஆம் குறளில் சொல்கிறாரே, ஐயா?

சொல்கிறார், அதை நான் வளைக்கப் போவதில்லை. ஆனால் அது செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அதே அதிகாரம் 'ஓர்ந்துகண் ணோடாது' என்று ஆரம்பித்து, 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்று முடியும் குறளோடு தொடங்குகிறது. நான் கேட்பதும் அந்த ஓர்தலும் (ஆராய்தல்) தேர்தலும் (தெளிந்து முடிவெடுத்தல்) எங்கே என்றுதான்.

கொளத்தூர்: ஆணவக் கொலைக்காவது தூக்கு வேண்டாமா, தோழர்?

கஷ்டமான கேள்வி. சாதிக்காகத் திட்டம் போட்டுக் கொல்பவனிடம் ஆத்திரத்தில் செய்தேன் என்ற சாக்குகூட இல்லை. உடுமலையில் சங்கர் ஆணவக் கொலை செய்யப்பட்ட வழக்கில் 2017-ல் ஆறு பேருக்குத் தூக்கு விழுந்தது. 2020-ல் உயர் நீதிமன்றம் முதல் எதிரியை, அதாவது சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் தந்தையையே விடுவித்து, மற்ற ஐவருக்கு 25 ஆண்டு குறைப்பில்லாத ஆயுள் என்று மாற்றியது. தூண்டியவர்கள் மேல் சதியை நிரூபிப்பதுதான் இந்த வழக்குகளில் வழுக்கும் இடம். போன் பதிவு, பணம் கைமாறிய தடம், பெண்ணின் பழைய புகார் மனு, இவற்றை முதல் வாரத்திலேயே கைப்பற்றச் சொல்லிப் போராடுங்கள். தூக்கு வேண்டும் என்ற முழக்கத்தைவிட அது பயன்படும்.

அடையாறு: கொல்லப்பட்டவங்க குடும்பத்தைப் பத்தி யாருமே பேசறதில்லையே?

உண்மைதான் அம்மா, தூக்கை எதிர்ப்பவர்கள் இதில் குற்றவாளிகள். குடும்பம் கேட்கக்கூடியது: விடுதலையை எதிர்த்தும், குறைந்த குற்றமாக மாற்றியதை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் அப்பீல் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 413). தண்டனை போதாது என்று மட்டும் அவர்களால் போட முடியாது, அரசுதான் போட வேண்டும். பிரிவு 396-ன்படி இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தனியாக விண்ணப்பிக்கலாம், வழக்கு முடியக் காத்திருக்கத் தேவையில்லை.

ராயபுரம்: தூக்கு விழுந்தவரோட வீட்டுல காசே இல்ல. எங்க போறது, சார்?

இலவசச் சட்ட உதவிக்கு 15100-க்குப் போன் பண்ணுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள். கைதியே சிறைக் கண்காணிப்பாளர் மூலம் மனு அனுப்பலாம். தூக்கு விழக்கூடிய வழக்கில் சட்ட உதவி வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைக் கேட்டு வாங்குங்கள். தீர்ப்பு நகல், எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலங்கள் மூன்றையும் இரண்டு செட் எடுத்து, ஒன்றைக் கொண்டு போங்கள். இன்னொரு செட் வீட்டிலேயே இருக்கட்டும்.