குவெர்செட்டின் மாத்திரை சர்க்கரை நோயாளியின் இதயத்தைக் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாக டைப் 2 சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.1. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறேன். தாவர ஃபிளேவனாய்டுகள் இதயச் செல்களைச் சர்க்கரையின் பாதிப்பிலிருந்து காக்கும் என்று படித்தேன். அவற்றில் ஒன்றான குவெர்செட்டினை 500 மி.கி. மாத்திரையாகத் தொடங்கலாமா? மற்ற மாத்திரைகளைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால், இதயத் தசைச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, செல்லைச் சிதைக்கும் சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் வடிவத்தை அளவுக்கு மீறிக் கக்குகிறது. செல்கள் சாகின்றன, அந்த இடத்தை நார்த்திசு பிடிக்கிறது. போதாததற்குச் சர்க்கரை, திசுவைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இடது கீழறை விறைத்துப்போய், ரத்தம் நிரம்பும் நேரத்தில் விரிந்துகொடுக்க மறுக்கிறது. ரத்தக் குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் இது வரும். 1972இல் நான்கு பேரின் பிரேதப் பரிசோதனையை வைத்துத்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது.

ஆய்வகக் கிண்ணத்தில் வளரும் இதயச் செல்லுக்குக் குவெர்செட்டின் கொடுத்தால் என்ஆர்எஃப்2 என்ற புரதம் முடுக்கிவிடப்பட்டு, செல்லின் சொந்தத் தற்காப்பு நொதிகள் பெருகுகின்றன. ஆனால் கிண்ணத்தில் ஊற்றுவது பெரும்பாலும் லிட்டருக்கு 10 முதல் 50 மைக்ரோமோல் செறிவு. சாப்பாட்டுக்குப் பிறகு நம் ரத்தத்தில் இருப்பது 1 மைக்ரோமோலுக்கும் கீழே. அதுவும் அதே பொருளாக இருப்பதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அதில் குளுகுரோனைடு, சல்ஃபேட் என்ற வேதித் தொகுதிகளைச் சேர்த்து உருமாற்றிவிடுகின்றன. குவெர்செட்டின் மாத்திரையால் சர்க்கரை நோயாளிகளுக்கு இதயச் செயலிழப்பு குறைந்தது என்று மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனை எதுவும் காட்டவில்லை.

100 கிராம் வெங்காயத்தில் சுமார் 20 மி.கி. குவெர்செட்டின் உண்டு. அப்படியானால் உங்கள் மாத்திரை ஒன்று இரண்டரைக் கிலோ வெங்காயத்துக்குச் சமம். அதை உணவாக எண்ணாமல் மருந்தாகவே எண்ண வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரும் சிறுநீரகம் பழுதானவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஃபிளேவனாய்டு குடும்பத்தின் வழியில் உண்மையாகவே இதயத்தைக் காக்கும் மருந்து ஒன்று வந்திருக்கிறது. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. ஃபிளேவனாய்டுகளின் நெருங்கிய உறவான இது, சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுத்துச் சிறுநீரில் வெளியேற்றும். விழுங்கினால் மட்டும் பயனில்லை. குடல் நொதி அதிலுள்ள சர்க்கரைப் பகுதியை வெட்டிவிடும். வெட்ட முடியாதபடி அந்தப் பிணைப்பை வேதியியலாளர்கள் மாற்றியமைத்ததன் பலன்தான் டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள். ஏற்கெனவே இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதை எம்பாகிளிஃபுளோசின் 35 சதவீதம் குறைத்தது. உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய மருந்து இது. தொடங்கும் முன் சிறுநீரகச் செயல்திறனைப் பார்ப்பார்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி எடுக்கும் நாளிலும் பட்டினி கிடக்கும் நாளிலும் இதைச் சாப்பிட்டால், சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் அதனால்தான்.

உணவில் ஃபிளேவனாய்டு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. வெங்காயத்தின் காகிதம் போன்ற தோலை மட்டும் நீக்குங்கள். அதற்கடுத்த சதைப்பற்றான அடுக்கில்தான் குவெர்செட்டின் செறிந்திருக்கிறது. பலர் அதையும் சேர்த்து உரித்தெறிந்துவிடுகிறார்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு அதோடு போய்விடும். ஆப்பிளைத் தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள்; சாறாக்கினால் நார் போய்ச் சர்க்கரை சட்டென்று ஏறும். ரத்தசோகை இருந்தால் தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கிரேப்ஃப்ரூட் மட்டும் உங்களுக்கு வேண்டாம். அது அட்டோர்வாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் உயர்த்தும்.

ஆண்டுக்கொரு முறை என்டி-புரோபிஎன்பி என்ற, இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது கூடியிருந்தால் எக்கோ எடுத்து, கீழறை தளர்ந்து விரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக ஏறும் மாடிப்படியில் மூச்சு வாங்கினாலோ, மாலையில் கணுக்கால் வீங்கினாலோ, தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாவிட்டாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.