அதே 5 மில்லியை ஊத்தாதீங்க தங்கச்சி

முதல் போத்தல் உடைஞ்சு, களுவாஞ்சிக்குடியில வேற பாமசியில வாங்கின அமொக்சிசிலின் (கிருமிக்கொல்லி மருந்து) பாணியையும் அதே 5 மில்லி குடுக்கலாமா எண்டு கேட்டிருந்தீங்க. வேணாம். நீங்க எழுதினபடி பழையதில 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், புதுசில 250. அதே அளவை ஊத்தினா மருந்து ரெண்டு மடங்காப் போயிடும். 125 மில்லிகிராமுக்கு இதில 2.5 மில்லிதான்.

மகன் 10 கிலோ எண்டது இந்த மாச நிறைதானே? கிளினிக் கொப்பியில பாருங்க. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் எண்டா 400. மூண்டு நேரமாப் பிரிச்சா ஒருக்கா 133 வரும், அதால டொக்டர் எழுதின 125 பொருந்துது. நிமோனியாவுக்கு கிலோவுக்கு 80, 90 மில்லிகிராம் கணக்கிலயும் எழுதுவாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ட அளவைப் பாத்து மாத்தாதீங்க.

குடுக்க முதல் டொக்டர்ட மருந்துத் துண்டையும் போத்தலையும் பாமசியில காட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில கோடு போட்டு வாங்குங்க. வீட்டுக் கரண்டி வேணவே வேணாம், ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு. தூள் கரைக்கிற தண்ணி, ஆறின கொதிதண்ணி, போத்தல் கோட்டுக்குச் சரியா நிக்கவேணும். கூடினாலும் குறைஞ்சாலும் இந்தக் கணக்கெல்லாம் பிழைச்சிடும். ஒவ்வொரு நேரமும் குலுக்குங்க. நம்மட வெக்கைக்கு பிரிஜ்தான் நல்லம்.

ஏற்கனவே ஒருக்கா 5 மில்லி குடுத்திருந்தா பதறாதீங்க, அடுத்த நேரத்துக்கு முதல் டொக்டரிட்டச் சொல்லுங்க. ஆனா உடம்பு தடிச்சாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ யோசிக்காம மருந்தை நிப்பாட்டிட்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்க.