சமையல் கழிவிலிருந்து கேஸ்: கேள்வி பதில்

வீடுகளில் வைக்கும் 1000 லிட்டர் கலனை, அதாவது கழிவு நொதிக்கும் டேங்கும், கேஸ் சேரச் சேர மேலே எழும்பும்படி அதற்குள் கவிழ்ந்து மிதக்கும் டிரம்மும் கொண்ட வகையை, மனதில் வைத்தே இந்தப் பதில்கள்.

மதுரை வாசகர்: நாலு பேர் உள்ள வீடு சார். தினம் ஒன்றரைக் கிலோ கழிவு சேரும். சிலிண்டரை நிறுத்திடலாமா?

முடியாது. ஒரு கிலோ ஈரக் கழிவுக்கு 80 முதல் 100 லிட்டர் கேஸ் வந்தால் நல்ல கலன். உங்கள் கழிவுக்குச் சின்ன பர்னர் இருபது, இருபத்தைந்து நிமிடம் எரியும். இந்த கேஸ் (சாண எரிவாயு என்பதும் இதுதான்) 1000 லிட்டர், ஏறக்குறைய 450 கிராம் எல்பிஜிக்குச் சமம். கணக்குப் போட்டால் ஏழெட்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சமாகும், அவ்வளவுதான். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்தக் கலன். கேஸ் உபரி வரவு. காய்கறிக் கடையிலிருந்து தினம் மூன்று கிலோ கழிவு கிடைத்தால் கதை மாறும்.

தஞ்சாவூர் வாசகர்: முதல்முறை எப்படித் தொடங்குவது?

150 கிலோ புதுச் சாணம், அதே அளவு தண்ணீர். வைக்கோல், கல் இல்லாமல் கரைத்து ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்த பிறகு ஊற்றவும். ஊசி மருந்து போட்ட மாட்டின் சாணம் வேண்டாம். ஆன்டிபயாடிக் நமக்கு வேண்டிய நுண்ணுயிரையும் கொன்றுவிடும். டிரம் மேலே வரப் பதினைந்து, இருபது நாள் ஆகும். அதுவரை கழிவு போடாதீர்கள். பிறகு தினம் அரைக் கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு அரைக் கிலோ கூட்டுங்கள். 5 கிலோதான் உச்சம்; கூடவே இரண்டு மடங்கு தண்ணீர்.

கரூர் வாசகர்: டிரம் எழும்பிடுச்சு, ஆனா தீ பிடிக்கலை.

முதலில் வருவதில் பெரும்பகுதி கரியமில வாயு. டிரம்முக்குள் இருந்த காற்றும் கலந்திருக்கும். முதல் இரண்டு டிரம் கேஸை வெளியே விட்டுவிடுங்கள். எரியும் வாயுவான மீத்தேன் பாதியளவுக்கு வந்தால்தான் நின்று எரியும். ஒரு எச்சரிக்கை: காற்று கலந்த மீத்தேன் வெடிக்கும். டிரம் வால்விலேயே தீக்குச்சி வைத்துப் பார்க்காதீர்கள். அடுப்பில் மட்டும் பற்ற வையுங்கள்.

ஈரோடு வாசகர்: விசேஷத்துல மிஞ்சின சாதம் 20 கிலோ போட்டோம். இப்போ புளிச்ச நாத்தம், கேஸ் சுத்தமா நின்னுபோச்சு. கலனைக் கழுவி விடணுமா அண்ணா?

வேண்டாம், கழுவினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கலனுக்குள் இரண்டு நுண்ணுயிர்க் கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று உணவை அமிலமாக்கும், மற்றொன்று அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது மந்தம். சாதம், மாவு, சர்க்கரை அதிகமானால் அமிலம் குவியும், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறைந்தால் புளிப்பு அதிகம்) 6.5-க்குக் கீழே போனதும் மீத்தேன் கூட்டம் வேலையை நிறுத்திவிடும்.

முதலில் கழிவு போடுவதை நிறுத்துங்கள். லிட்மஸ் தாள் போதாது, எண் காட்டும் பிஎச் தாள் வாங்குங்கள். அரைக் கிலோ ஆப்ப சோடாவைக் கரைத்து உள்ளே விட்டு, நன்றாகக் கலக்கி, ஒரு நாள் கழித்து மறுபடி அளவு பாருங்கள். 6.8-க்கு வரவில்லையென்றால் இன்னொரு அரைக் கிலோ. அதன் பிறகு 10 கிலோ புதுச் சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள். சுண்ணாம்பு வேண்டாம்: அது கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அடியில் கல்லாகப் படியும், கை கொஞ்சம் கூடினாலும் பிஎச் எகிறிவிடும். கேஸ் நீலமாக எரிந்து ஒரு வாரம் ஆன பிறகு, பழைய அளவில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.

சேலம் வாசகர்: எதையெல்லாம் போடக் கூடாது?

முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், வாழைமட்டை, கரும்புச் சக்கை. இவை மக்காமல் அடியில் தங்கும், அல்லது மேலே ஏடு கட்டும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலின் எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. ஊறுகாய், பினாயில், சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது. கஞ்சித் தண்ணீர் போடலாம்.

நாமக்கல் வாசகர்: பழைய எல்பிஜி அடுப்பே போதுமா?

எல்பிஜி 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தில் வருகிறது. மிதவை டிரம் தருவது சில சென்டிமீட்டர்தான். சாண எரிவாயுவுக்கு வெப்பமும் குறைவு, எரிய வேண்டிய காற்றும் குறைவு. ஆகவே ஜெட் (கேஸ் பீறிடும் மூக்கு) துளையைப் பெரிதாக்கி, காற்று வரும் வழியை ஓரளவு மூட வேண்டும். துளைத்துக் கெடுப்பதைவிட சாண எரிவாயு பர்னர் வாங்குவது மேல். சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தாழ்ந்த இடத்தில் ஒரு டி வடிவ இணைப்பும் குழாய்த் திருகும் வைத்து வடியுங்கள்.

அழுகிய முட்டை நாற்றத்துக்கு, பிவிசி குழாய்க்குள் துருப்பிடித்த இரும்பு நாரை அடைத்து கேஸ் வரும் வழியில் மாட்டுங்கள். எவர்சில்வர் நார் வேலை செய்யாது. நார் கறுத்துப்போனால் மாற்றுங்கள்.

கோவை வாசகர்: ஊருக்குப் போறோம், கேஸ் சேர்ந்தா வழிஞ்சு போகட்டும்னு விடலாமா?

மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். டிரம் விளிம்பில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் குப்பைமேட்டில் நடப்பதைத்தான் வீட்டில் செய்கிறீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கழிவு போடுவதைக் குறையுங்கள், இருக்கும் கேஸை எரித்துத் தீர்த்துவிடுங்கள். ஒரு மாதம் பட்டினி கிடந்தாலும் கலன் சாகாது.

கோத்தகிரி வாசகர்: இங்கே குளிர். வேலை செய்யுமா?

30 முதல் 38 டிகிரி உகந்தது. 15-க்குக் கீழே கேஸ் பெயரளவுக்குத்தான் வரும். கலனை வெயில் படும் இடத்தில் வைத்து, சுற்றி மக்கும் குப்பையைக் குவியுங்கள்; அது தரும் சூடு உதவும். கழிவைக் கைபொறுக்கும் சூட்டு நீரில் கரைத்து ஊற்றுங்கள். குளிர் மாதங்களில் பாதி அளவுக்கு மேல் போட்டால் ஈரோட்டுக்காரர் கதைதான்.

சென்னை வாசகர்: எங்க குடியிருப்புல தினம் 120 கிலோ வருது.

திடக்கழிவு விதிகளின்படி தினம் 100 கிலோவுக்கு மேல் உருவாக்குவோர் பெருங்கழிவு உற்பத்தியாளர். கலன் வாங்கும் முன் மூன்று மாதம் கழிவைப் பிரித்துப் பழகுங்கள். ஒரே ஒரு பால் கவர் பம்பை அடைக்கும். பெரிய கலன்கள் பெரும்பாலும் நிற்பது தரம் பிரிக்காததால்தான். மேலே ஒரு வலைத் தட்டு, கையுறையோடு ஓர் ஆள், அரைக்கும் இயந்திரம், இவற்றுக்கும் சேர்த்துச் செலவு போடுங்கள். பழுது என்றால் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இருக்காது, இறங்கியவரை இழுக்கப் போனவரும் திரும்புவதில்லை.